நியம்கிரி மக்களுக்கு மலை இருந்தது. பி மெமோ ரசீதை வைத்துக்கொண்டு நாம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் ஓர் அரசு ஆபீஸ் வராண்டாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எழுத விருப்பமில்லை. கூட வந்தது ஐந்து இருளர் குடும்பம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று வாங்கியாக வேண்டும். உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கோபக்காரர் இல்லை, சிரித்த முகம்தான். அந்தச் சிரிப்போடவே கேட்டார்: "பாம்பு பிடிக்கத் தெரியுமா? எலி?" பத்தாவது படிக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் பாட்டி மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். பால் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு. ரப்பர் பேண்டு போட்ட பி மெமோ ரசீதுகள். அடியில் இருந்தவை ஓரம் பொடிந்து போயிருந்தன. தெரியாதவர்களுக்கு: புறம்போக்கில் குடிசை போட்டதற்கு வருவாய்த் துறை போடும் அபராத நோட்டீசுதான் பி மெமோ. கடைசியாக, நாலாக மடித்த ஒரு தாள். அவர் வீட்டுக்காரரை அரிசி ஆலையிலிருந்து மீட்டபோது கொடுத்த கொத்தடிமை விடுதலைச் சான்று. அந்தக் குடும்பம் இந்த மாவட்டத்தில்தான் வாழ்ந்தது என்பதற்கு அரசாங்கம் பழைய நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இந்த இரண்டு வகைத் தாள்தான். ஒன்றில் ஆக்கிரமிப்பாளர், இன்னொன்றில் அடிமை.

"விசாரிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் போனில் நியம்கிரி தீர்ப்பைப் படித்துக்கொண்டு வந்தேன். ஒடிசாவில் டோங்ரியா கோந்து மக்கள் பாக்சைட் சுரங்கத்திடமிருந்து தங்கள் மலையைக் காப்பாற்றிய வழக்கு. 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம், கிராம சபையைக் கேளுங்கள் என்றது. 12 கிராம சபை கூடியது. 12-ம் வேண்டாம் என்றது.

என் கேள்வி இதுதான். நாளைக்கே இந்தப் பாட்டி குடியிருக்கும் ஓடைக்கரைக்கு நிலமெடுப்பு அறிவிப்பு வந்தால், சுரங்கத்துக்கோ வேறு எதற்கோ, அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போக முடியுமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "போராடணும் தோழர்" வகைப் பதில் வேண்டாம். அது எனக்கே தெரியும்.

புதுவை வழக்காடி
திங்கள், காலை 7.15

முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோர்ட்டுக்குக் கிளம்புவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நியம்கிரியை நாம் நினைவில் வைத்திருக்கும் விதமே கொஞ்சம் சினிமாத்தனம். பழங்குடிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், நீதிபதி கண்கலங்கினார், மலை தப்பியது என்பது மாதிரி. நடந்தது வேறு. 2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுரங்கக் கம்பெனி வேதாந்தாவுக்கு அனுமதி மறுத்தது. அதே குழுமத்தின் ஸ்டெர்லைட், நிபந்தனைகளை ஏற்று வந்தால் பார்க்கலாம் என்றது. 2008 ஆகஸ்ட் 8-இல் ஸ்டெர்லைட்டுக்குக் காட்டு நிலத்தைக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. ஆமாம், தூத்துக்குடியில் நமக்குத் தெரிந்த அதே ஸ்டெர்லைட். 660 ஹெக்டேர் சொச்சம். அதற்குள் லாஞ்சிகரில், மலையடியில், அலுமினா ஆலை எழும்பி நின்றுவிட்டது. தாலி வாங்கியாச்சு, பெண்ணைக் கொடுங்கள் என்கிற கதை.

ஆட்டத்தைத் திருப்பியது 2006 வன உரிமைச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. 2010-இல் என்.சி. சக்சேனா குழு நேரில் போய்ப் பார்த்து, இந்தச் சட்டப்படி மக்களின் உரிமையைத் தீர்மானிக்காமலே அனுமதி கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அனுமதியை மறுத்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஒடிசா அரசின் சுரங்கக் கழகம். நாம் கொண்டாடும் தீர்ப்பின் பெயரே 'ஒடிசா சுரங்கக் கழகம் எதிர் சுற்றுச்சூழல் அமைச்சகம்'. மலைமேல் அந்த மக்களுக்குச் சமூக உரிமை, மத உரிமை எதுவும் பாதிக்கப்படுகிறதா என்பதை அவர்கள் கிராம சபையே சொல்லட்டும் என்றது கோர்ட்டு.

அந்த 12 ஊரைப் பொறுக்கியதும் மாநில அரசுதான். மலை முழுக்க நூற்றுக்கு மேல் குடியிருப்பு. 12 போதாது என்று மத்தியப் பழங்குடியினர் அமைச்சகமே ஆட்சேபித்தது. 2013 ஜூலை 18 தொடங்கி ஆகஸ்ட் 19 வரை, மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்க, பொறுக்கியெடுத்த ஊர்களே ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு மறுத்து முடித்தது. 2016-இல் சுரங்கக் கழகம் மறுபடி கதவைத் தட்டிப் பார்த்தது, உச்ச நீதிமன்றம் திறக்கவில்லை.

இப்போது நம் பக்கம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடிப் பகுதி என்று அரசியலமைப்பின்படி தனியாக அறிவித்த நிலம், ஒரு குழிகூடக் கிடையாது. பத்து மாநிலங்களில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதனால் 1997 சமதா தீர்ப்பு இங்கே உதவாது. அட்டவணைப் பகுதியில் அரசு நிலத்தைக்கூடப் பழங்குடி அல்லாதவருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடக் கூடாது என்ற ஆந்திர வழக்கு அது. அட்டவணைப் பகுதிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996 பெசா சட்டமும் இங்கே கிடையாது. மிச்சம் வன உரிமைச் சட்டம். அது வன நிலத்தில்தான் நடக்கும். ஓடைப் புறம்போக்கில் நடக்காது.

புதுச்சேரியில் இன்னும் வேடிக்கை. 2016 வரை இங்கே இருளர் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் பழங்குடி, இந்தப் பக்கம் தம்பி பழங்குடி இல்லை.

ஷிப்டு முடிந்தவன்
திங்கள், காலை 8.50

நெய்வேலியில 31 வருஷம் சுரங்கத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவன். இந்த மாதிரி இழை ஓடும்போதெல்லாம் வாயை மூடிக்கிட்டுப் போறதுதான் வழக்கம். இன்னிக்கு எழுதறேன்.

நியம்கிரியையும் நம்ம ஊரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அங்க பாக்சைட் மலை உச்சியில தொப்பி மாதிரி இருக்கு. மழைத் தண்ணியை அந்தப் பாறை குடிச்சு வச்சு, வருஷம் முழுக்க ஓடையா விடுது. தொப்பியைக் கழட்டினா ஓடை போச்சுங்கறது அவங்க வாதம். நியாயமான வாதம்தான். நம்ம கிட்ட எல்லாம் தலைகீழ். பழுப்பு நிலக்கரிக்கு அடியில தண்ணி இருக்கு, அது மேல பார்த்து முட்டிக்கிட்டு நிக்குது. 24 மணி நேரமும் பம்ப் ஓடி அழுத்தத்தை இறக்கினாத்தான் கரியை வெட்ட முடியும். பம்ப் நின்னா சுரங்கத் தரையே பொத்துக்கிட்டு வரும். எங்க அப்பா காலத்துல இந்தப் பக்கம் போர் போட்டா தானாவே பீய்ச்சி அடிக்கும், மோட்டாரே வேணாம். இப்ப எத்தனை அடின்னு கேட்டா விவசாயி அழுவான். அதை நான் மறுக்கல.

ஆனா 1962-ல இருந்து அந்தக் கரியிலதான் இந்த மாநிலத்துக்கு விளக்கு எரிஞ்சது. நீங்க பஸ்ல தீர்ப்பு படிச்சீங்களே, அந்த போனு எதுல சார்ஜ் ஏறுச்சு? இதை யாரும் கேக்கறதில்ல.

நேர்பேச்சு
திங்கள், காலை 9.05

எல்லாம் வெளிநாட்டுப் பணம். மலைக்கு சாமி, ஓடைக்கு சாமின்னு ஆரம்பிச்சா நாட்டுல ஒரு செங்கல் வைக்க முடியாது. படம் பார்த்துட்டு வந்து எல்லாரும் வக்கீல் ஆயிட்டாங்க.

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 9.30

'ஜெய் பீம்' படத்தைப் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது, அங்கே போகவும். அந்தப் படத்துக்கு மூலமான முதனை காவல் மரண வழக்கைப் பற்றிய மூன்று பதில்களையும் அங்கே நகர்த்திவிட்டேன். அது 1993-இல் நடந்தது, பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் சமூகம். இருளர் என்று எழுதிச் சண்டை போட வேண்டாம்.

சர்வே கல்
திங்கள், மதியம் 1.20

ஓய்வுபெற்ற நில அளவையர். ஷிப்டு முடிந்தவன் அண்ணனுக்கு வணக்கம்.

வழக்கறிஞர் சார் 'ஓடைப் புறம்போக்கில் நடக்காது' என்று ஒரே அடியில் முடித்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள். தரையில் ஓடையாகத் தெரிவது பதிவேட்டில் ஓடையாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதலில் ஏ பதிவேட்டை, அதாவது ஊரின் நிலப் பதிவேட்டை எடுங்கள். புல எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு என்று பாருங்கள். ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மயானம், காப்புக்காடு, தீர்வை ஏற்படாத தரிசு, எதுவும் இருக்கலாம். முந்திரித் தோப்பு என்று ஊரே சொல்லும் இடம் பதிவேட்டில் காடாக இருந்து நான் பார்த்திருக்கிறேன். காடாக இருந்தால் வன உரிமைச் சட்டம் உள்ளே வரும்.

இன்னொன்று. ஊர் வரைபடத்தில் மயானம் குறித்திருக்கும். அது யாருடைய மயானம் என்று தெரியும்படி அளவைக்குப் போகும்போது ஊர்க்காரர் சொல்வார்கள். நான் அளந்த ஊர்களில் இருளர் புதைக்கிற இடத்தை ஒருத்தரும் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு அதன் மேலேயே நடந்திருக்கிறேன். ஒரு இடத்தில் நொச்சிப் புதருக்கு அடியில் மண் மேடாக இருந்தது, மேலே ஒரு அலுமினியத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தார்கள். உதவியாளர் காலால் தள்ளிவிட்டு முக்காலியை நட்டார். புலப்படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.

முந்திரிக்கொட்டை
திங்கள், மாலை 4.45

பண்ருட்டிக்காரன், இருப்பது பிரிஸ்பேன். பேருக்கு ஏற்ற மாதிரி முந்திக்கொண்டு வருகிறேன், மன்னிக்கவும்.

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே ஒரு கதை உண்டு. குயின்ஸ்லாந்தில் அதானியின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம். அந்த மண் வாங்கன்-ஜகலிங்கு என்ற ஆதிக்குடிகளுடையது. இந்த நாட்டில் 1992 மாபோ தீர்ப்புக்கு அப்புறம் 1993-இல் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. கேட்க அழகாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால், பேச்சு நடத்தும் உரிமைதான் உண்டு, முடியாது என்று சொல்லும் உரிமை இல்லை. 2016 ஏப்ரலில் ஒரு கூட்டம் கூட்டி 294-க்கு 1 என்று ஒப்பந்தத்துக்கு ஆதரவாக ஓட்டு விழுந்தது. எங்கள் ஆள் இல்லாதவர்களையெல்லாம் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள் என்று எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். முன்னால் நின்ற ஏட்ரியன் பரகுப்பாவை வழக்குச் செலவு கட்ட முடியாத திவாலாளி என்று 2019-இல் அறிவித்தார்கள். அதே ஆகஸ்டில் மாநில அரசு 1,385 ஹெக்டேரில் அவர்களின் பூர்வ உரிமையையே ரத்து செய்தது.

தமிழன் எண்ணூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தோடு மல்லுக்கட்டுவதும் இதே குழுமத்தோடுதான் என்பது ஒரு கொசுறு.

புதுவை வழக்காடி
திங்கள், இரவு 8.10

முந்திரிக்கொட்டை சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் சண்டை ஒரே இடத்தில்தான் முடிச்சு விழுகிறது: கூட்டத்தில் உட்காரத் தகுதி உள்ளவர் யார்? கிராம சபை நல்ல ஆயுதம். அதனாலேயே அதைக் கைப்பற்றப் பார்ப்பார்கள். நியம்கிரிக்குப் பக்கத்திலேயே சிஜிமாலி மலையை 2023-இல் வேதாந்தா ஏலத்தில் எடுத்தது. கிராம சபைத் தீர்மானமே போலி, செத்தவர் கையெழுத்தும் இருக்கிறது என்கிற அளவுக்கு அங்கே மக்கள் குற்றஞ்சாட்டுகிறார்கள். லாஞ்சிகர் ஆலையும் மூடவில்லை. வேறு இடத்து பாக்சைட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சர்வே கல் ஐயா, திருத்தத்துக்கு நன்றி. நீங்கள் சொன்னது சரி, வகைப்பாட்டைப் பார்க்காமல் நான் பேசக் கூடாது.

சேத்தியாத்தோப்பான்
செவ்வாய், காலை 6.30

விவசாயி. மேலே எல்லாரும் சட்டம் பேசுறீங்க, நமக்கு ஏட்டுல படிச்சது கிடையாது, கண்ணால பார்த்ததுதான்.

2023 ஜூலையில வளையமாதேவியில நெய்வேலிச் சுரங்கக்காரங்க பால் பிடிச்ச நெல்லு மேல பொக்லைனை விட்டாங்களே, பரவனாற்றைத் திருப்பற வாய்க்காலுக்கு, அப்ப நாடே பார்த்துச்சு. ஹைகோர்ட்டு நீதிபதி பார்த்துட்டு கண்ணீர் வந்ததுன்னார். ஏக்கருக்கு 40,000 பயிர் நட்டம் கொடுக்கச் சொன்னாங்க. அந்த வருஷம் ஏப்ரல்லதான் சேத்தியாத்தோப்பு கிழக்குன்னு எங்க தலை மேல ஒரு நிலக்கரி ஏலப் பட்டியல் வந்துச்சு, எல்லாக் கட்சியும் சேர்ந்து கத்தினதுல எடுத்துட்டாங்க. எங்களுக்கு 2020 வேளாண் மண்டலச் சட்டம்னு ஒரு கூரை இருக்கு. சொட்டுதோ ஒழுகுதோ, கூரை.

நான் சொல்ல வந்தது வேற. ரெண்டு நாளா தூக்கம் வரல, அதனால எழுதறேன்.

எங்க மாமன் ஊர்ல நிலமெடுப்பு வந்தப்ப நான் சின்னப் பையன், பதினாலு பதினஞ்சு வயசு. மாமன் கொல்லையில வரப்போரமா ஒரு இருளர் குடும்பம் இருந்துச்சு. கொல்லைக் காவல், எலி பிடிக்கறது, அறுப்புக்கு ஆளு கூட்டியாரது, எல்லாம் அவங்கதான். எலி வளையை வெட்டினா உள்ள கதிரு கதிரா நெல்லு இருக்கும், அது அவங்க கூலி. கணக்கெடுக்க ஆளுங்க வந்து திண்ணையில உக்காந்தாங்க. வீடு எத்தனை, கிணறு எத்தனை, மரம் எத்தனை. மாமன் தென்னையை எண்ணிச் சொன்னார், புளியமரத்தைச் சொன்னார், இடிஞ்ச மாட்டுக்கொட்டாயைக்கூடச் சொன்னார். "அந்தக் குடிசை யாருது?" ன்னு ஒருத்தர் கேட்டார். "அதுவா, காவக்காரன், இன்னிக்கு இருப்பான் நாளைக்குப் போயிடுவான்" ன்னார் மாமன். அவர் எழுதல. அந்தக் குடும்பம் அந்த வரப்புல மாமனுக்கு முன்னாடியே இருந்துச்சு. எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்.

பணம் வந்துச்சு. மாமன் மகன் டிராக்டர் வாங்கினான். அவங்க எங்க போனாங்கன்னு தெரியாது. இப்ப நான் போய் எந்த மூஞ்சியோட 'மண்ணின் மைந்தன்'னு கொடி பிடிக்க?

ஷிப்டு முடிந்தவன்
செவ்வாய், காலை 7.40

சேத்தியாத்தோப்பு தம்பி, இதை எழுதினதுக்கு மனசு வேணும். நானும் ஒண்ணு சொல்லணும். எங்க காலனியில பாம்பு வந்தா போன் பண்ணிக் கூப்பிடுவோம், ஒரு பெரியவர் சைக்கிள்ல வருவார். இருபது வருஷம் வந்திருப்பார். அவர் எந்த ஊருன்னு நான் கேட்டதே இல்ல.

பறிக்கூடை
செவ்வாய், இரவு 10.15

வணக்கம். கிள்ளைப் பக்கம். இருளர் வீட்டுப் பிள்ளைதான். பி.காம். முடிச்சுட்டு சிதம்பரத்தில வேலை பார்க்கறேன். எல்லாத்தையும் படிச்சேன். யார் மேலயும் கோபம் இல்லை, ஆனா மூணு விஷயம்.

ஒண்ணு, எங்களைப் பத்தி இத்தனை பதில் ஓடியிருக்கு, எங்ககிட்ட ஒரு கேள்வி இல்லை. பரவாயில்லை, பழக்கம்தான்.

ரெண்டு, டோங்ரியா கோந்து மாதிரி எங்களுக்கும் ஒரு மலை, மலைக்கு ஒரு ராஜா சாமி இருந்தா உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்னு தோணுது. எங்க சாமி கன்னியம்மா. மாசி மகத்துக்கு மகாபலிபுரம் கடற்கரைக்குப் போவோம். ஈர மணல்ல ஏழு படி கட்டி, பூ வச்சு, விளக்கேத்திக் கும்பிடுவோம். விடிஞ்சு வெயில் ஏறறதுக்குள்ள அலை வந்து எடுத்துட்டுப் போயிடும். கோயிலைக் காட்டுன்னு கேட்டா எதைக் காட்டறது? எங்க அம்மா இன்னிக்கும் பிச்சாவரம் வாய்க்கால்ல இடுப்பு ஆழத் தண்ணியில குனிஞ்சு கையால இறால் தடவும். ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கறதால பறியைப் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கும். பறின்னா பனையோலையில முடைஞ்ச கூடை. அம்மாவுக்கு முன்பல் ரெண்டும் அதுலதான் தேஞ்சு போச்சு. எந்த வாய்க்கால்ல எந்த மாசம் எந்த இறால்னு கேளுங்க, தூக்கத்தில எழுப்பினாலும் சொல்லும். அதுதான் எங்க நிலம். அதுக்குப் பட்டா கிடையாது. வனத்துறை ஆள் மாறும்போதெல்லாம் சட்டமும் மாறும், ஒருத்தர் போங்கன்னுவார், ஒருத்தர் வலையைப் பிடுங்குவார்.

மூணாவது, கெடிலக்கரை அண்ணனுக்கு. அந்தப் பையன் தலையைக் குனிஞ்சதாச் சொன்னீங்க. பாம்பு பிடிக்கத் தெரியாததால குனியல. தெரியும்னு சொன்னா பக்கத்தில நிக்கற கிளார்க் சிரிப்பார், தெரியாதுன்னா சான்று கிடைக்காது. எனக்கும் அதே கேள்விதான் வந்துச்சு. நான் தெரியும்னு பொய் சொன்னேன்.

புதுவை வழக்காடி
செவ்வாய், இரவு 11.50

தம்பி, கேட்காமல் பேசிக்கொண்டிருந்தது எங்கள் தப்பு. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பிச்சாவரம் காப்புக்காடு. ஆக வன உரிமைச் சட்டம் அங்கே முழுசாக நடக்கும். அந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் மீன், நீர்நிலைப் பொருள்கள் எடுக்கும் சமூக உரிமை என்று தனியாகவே ஓர் உட்பிரிவு இருக்கிறது. உங்கள் அம்மா கையால் தடவும் இறால் அதற்குள் வரும். இன்னொரு உட்பிரிவு வாழிட உரிமை. அது மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்தியவர்களுக்கு மட்டும். டோங்ரியா கோந்து அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆறு சமூகங்கள் இருக்கின்றன, அதில் இருளரும் ஒன்று. காகிதத்தில் நீங்களும் அவர்களும் ஒரே வரிசை.

சாட்சிக்கு வருகிறேன். இதுதான் பலருக்குத் தெரியாது. 2008 விதிகளில் 13-ஆவது விதியைப் படியுங்கள். பட்டா, சிட்டா மட்டும் கேட்கவில்லை. உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம் ஆதாரம். பழைய கிணறு, புதைகாடு, வழிபாட்டு இடம் ஆதாரம். அபராத ரசீதும் அரசுப் பதிவுதான். அந்த மஞ்சப்பையில் இருந்த பி மெமோக்களைக் குப்பை என்று நினைக்க வேண்டாம் கெடிலக்கரை. எந்த ஆண்டிலிருந்து அங்கே இருந்தார்கள் என்பதை அரசாங்கமே எழுதிக் கொடுத்தது அது. பழங்குடிகளுக்கு வரம்புத் தேதி 2005 டிசம்பர் 13. விடுதலைச் சான்றில் ஊர் பெயர் இருக்கும், அதையும் நகல் எடுத்து வையுங்கள்.

காடு இல்லாத இடத்தில்? 2013 நிலமெடுப்புச் சட்டப்படி பட்டா இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டு அங்கே வேலை செய்து அந்த நிலத்தையே நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். சேத்தியாத்தோப்பாரின் மாமன் கொல்லைக் காவல்காரர் இன்று இருந்தால் அதற்குள் வருவார். ஒரு முள் உண்டு: தமிழ்நாடு தன்னுடைய 1997 தொழில் நிலமெடுப்புச் சட்டத்தை அந்த மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து கழற்றி வைத்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை அடித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நிலக்கரிக்கு 1957-இலிருந்து தனிச் சட்டம். அதற்கும் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அளவில் தர வேண்டும் என்று 2015-இல் நீட்டித்தார்கள். ஆனால் உங்களைக் கேட்டுவிட்டு எடு என்கிற பகுதி அதில் இல்லை. பணம் கேட்கலாம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிரிஸ்பேன் கதைதான்.

நேர்பேச்சு
புதன், காலை 8.00

2006 சட்டம், இப்ப எந்த வருஷம்? இத்தனை நாள் தூங்கிட்டு இருந்தீங்களா?

புதுவை வழக்காடி
புதன், காலை 8.25

நல்ல கேள்வி, அபூர்வமாகக் கேட்டிருக்கிறீர்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட ஓர் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு வருஷம். ஒடிசாவில் கிராம சபை ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த 2013-இல் இங்கே விண்ணப்பங்கள் அலமாரியில் இருந்தன.

சர்வே கல்
புதன், காலை 10.10

கிள்ளைத் தம்பிக்கு. அம்மா சொல்லும் வாய்க்கால் பெயர்களை அவர் சொல்லும் வரிசையிலேயே எழுதுங்கள். நீங்கள் அழகு பார்த்து மாற்றாதீர்கள். நான் கிராம வரைபடமும் பழைய புலப்படமும் கொண்டுவருகிறேன். போனில் இருப்பிடக் குறி போட்டுக்கொண்டே படகில் போனால் ஒரு பகலில் முடியும். அலை ஏறி இறங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பி மெமோ ரசீதுகளை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பலர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். சூட்டில் மை மங்கிவிடலாம். பின்பக்கம் முத்திரை இருந்தால் அதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது.

கெடிலக்கரை
புதன், இரவு 9.00

பாட்டியிடம் பேசினேன். பையன் ஸ்பீக்கரில் போட்டான். புதைகாட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "காட்டினா அதையும் எடுத்துக்குவாங்களா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வழக்காடி சார், இதற்கு என்ன சொல்வது?

புதுவை வழக்காடி
புதன், இரவு 9.40

உண்மையைச் சொல்லுங்கள். காட்டினால் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காட்டாவிட்டால் எடுத்தது வெளியே தெரியாது. முடிவு அவருடையது. வற்புறுத்த வேண்டாம்.

பறிக்கூடை
வியாழன், காலை 6.05

அம்மா சரின்னுச்சு. நேத்து ராத்திரி சொல்லச் சொல்ல எழுதினேன், இருபத்தி மூணு வாய்க்கால் வந்திருக்கு. ரெண்டு வாய்க்கால் பேரு எனக்கே புதுசு. ஒண்ணு எங்க பாட்டியைத் தண்ணிப் பாம்பு கடிச்ச இடமாம், அதுக்கு அவங்க பேரையே வச்சிருக்காங்க.

ஞாயித்துக்கிழமை தண்ணி காலையில ஏறும், பதினோரு மணிக்கு மேல வடியும். சர்வே ஐயா எட்டரைக்கெல்லாம் கிள்ளை வந்துட்டா நல்லது. படகுக்குச் சொல்லிட்டேன். எங்க பக்கத்துல இருந்து நாலு பெரியவங்க வாக்குமூலம் கொடுக்க வர்றாங்க. கெடிலக்கரை அண்ணன் அந்தப் பாட்டியையும் பேரனையும் முடிஞ்சா கூட்டியாங்க. எங்க அம்மாவோட பேசிட்டு இருக்கட்டும், எதையும் காட்ட வேணாம்.

யாராவது ஒருத்தர் ஸ்டாம்ப் பேடு எடுத்துட்டு வாங்க. நீல மை. நாலு பேருக்கும் கையெழுத்து வராது.

சேத்தியாத்தோப்பான்
வியாழன், காலை 6.50

நான் எடுத்துட்டு வர்றேன்.